கோட்டை விட்ட பிஷப்பும் 'கிவ் அப்' என்ற இரண்டு சொற்களும்

ஆங்கிலத்தில் 'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. இரண்டையும் சேர்த்தால் 'மேலே கொடு' என்றுதானே வரவேண்டும்? பரண் மேல் நிற்பவரிடம் பெட்டியைத் தூக்கிக் கொடுப்பது மாதிரி! ஆனால் 'ஹி கேவ் அப் ஸ்மோக்கிங்' என்றால் அவன் புகைபிடிப்பதை விட்டுவிட்டான் என்று அர்த்தம். இதில் கொடுப்பதும் இல்லை, மேலேயும் இல்லை.

இப்படி ஒரு வினைச்சொல்லும் ஒரு குட்டிச்சொல்லும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு அர்த்தம் தந்தால் அதற்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்று பெயர். இலக்கணப் புத்தகங்களில் இவை கடைசி அத்தியாயத்தில் நீளமான பட்டியலாக வரும். பட்டியலை மனப்பாடம் செய்தவர்களும் வாக்கியம் எழுதும்போது வழுக்குவார்கள். 'கிவ் அப்' விஷயத்தில் வழக்கமாக நடக்கும் தப்புகள் மூன்று. 'ஹி கேவ் அப் டு ஸ்மோக்' என்று எழுதுவது ஒன்று. 'ஹி கேவ் அப் இட்' என்று எழுதுவது இன்னொன்று. 'கிவ் அப்' வரவேண்டிய இடத்தில் 'கிவ் இன்' போடுவதும், இதையே திருப்பிப் போடுவதும் மூன்றாவது. ஏன் தப்பு என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ரூல் அப்படி."

ரூல் அப்படித்தான். ஆனால் அது ஆகாயத்திலிருந்து விழவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலே பின்னால் போகவேண்டும். அங்கே ஒரு மடாலயம், ஒரு உள்நாட்டுப் போர், சில கோட்டைகள், ஒரு கிழட்டு பிஷப் எல்லாம் இருக்கிறார்கள்.

முதலில் அதற்கும் முந்தைய கதை, சுருக்கமாக. நார்மன்கள் 1066இல் வந்து இறங்குவதற்கு முன் இங்கிலாந்தில் பேசிய பழைய ஆங்கிலத்தில் 'கைவிடு' என்பதற்கு வேறு சொல் இருந்தது. 'ஓஃப்யீவன்' என்பார்கள். அதில் 'யீவன்' என்பது இன்றைய 'கிவ்'வின் பாட்டன். 'ஓஃப்' என்பது முன்னால் ஒட்டிய முன்னொட்டு. அதாவது அர்த்தத்தை மாற்றும் குட்டிச்சொல் வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு இருந்தது. இன்றைக்கும் 'ஃபர்கிவ்', 'அண்டர்ஸ்டாண்ட்', 'வித்ஸ்டாண்ட்' போன்ற சில சொற்களில் அந்தப் பழைய முறை மிச்சம் இருக்கிறது. 'ஃபர்கிவ்' என்பதில் உள்ள 'ஃபர்' என்றால் என்ன என்று இன்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கே அந்த நிலை ஆரம்பித்துவிட்டது. முன்னொட்டுகளை அழுத்தி உச்சரிப்பதில்லை. அழுத்தம் இல்லாத அசை நாளாக நாளாகத் தேயும். தேய்ந்தால் அர்த்தமும் மங்கும். ஃபின்லாந்து அறிஞர் ரிஸ்டோ ஹில்டுனென் 1983இல் வெளியிட்ட ஆய்வு முழுக்க இந்தத் தேய்மானத்தைப் பற்றியதுதான். (கம்பெனிக் கணக்கில் இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதுகிற மாதிரி, மொழியில் முன்னொட்டுக்கும் எழுதவேண்டியிருக்கிறது!)

தேய்ந்துபோன முன்னொட்டுகள் செய்த வேலையை 'அப்', 'அவுட்', 'ஆஃப்' போன்ற தெளிவான அர்த்தமுள்ள சொற்கள் எடுத்துக்கொண்டன. இவை வினைக்குப் பின்னால் நின்றன. அழுத்தமும் இவற்றின் மேல் விழுந்தது. இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தின் எழுத்துச் சான்றுகளில் ஒன்றுதான் பீட்டர்பரோ மடாலயத்து நாளாகமம்.

பீட்டர்பரோ கிழக்கு இங்கிலாந்தில் இருக்கிற ஊர். 1116இல் அந்த மடாலயம் தீயில் எரிந்தது. துறவிகள் பிறகு வேறு இடத்திலிருந்து ஒரு நாளாகமத்தை இரவல் வாங்கி 1121 வரை பிரதி எடுத்தார்கள். அதன் பிறகு 1131 வரை அவ்வப்போது நடந்ததைச் சேர்த்து எழுதிவந்தார்கள். அப்புறம் ஒரு பெரிய இடைவெளி. 1155 வாக்கில் வேறொரு துறவி உட்கார்ந்து, விட்டுப்போன இருபது வருடக் கதையையும் மொத்தமாக எழுதி முடித்தார். ஆங்கிலோ சாக்ஸன் நாளாகமங்களில் கடைசிவரை தொடர்ந்தது இதுதான். மற்ற இடங்களில் எல்லோரும் லத்தீனுக்கு மாறிவிட்டார்கள். இவர்கள் மட்டும் மக்கள் பேசிய ஆங்கிலத்திலேயே எழுதினார்கள். கையெழுத்துப் பிரதி இன்றும் ஆக்ஸ்ஃபோர்டில் பாட்லியன் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

அந்த இருபது வருடம் இங்கிலாந்துக்கு நல்ல காலம் இல்லை. முதலாம் ஹென்றி 1135இல் இறந்தார். தன் மகள் மெட்டில்டாதான் வாரிசு என்று பிரபுக்களிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தார். ஆனால் மருமகன் முறையான ஸ்டீபன் முந்திக்கொண்டு முடிசூட்டிக்கொண்டார். பிரபுக்கள் ஆளுக்கொரு கோட்டையில் உட்கார்ந்துகொண்டு ஊரைச் சூறையாடினார்கள். யாரிடம் எத்தனை கோட்டை என்பதுதான் அன்றைய அரசியல்.

அப்படிக் கோட்டைகள் வைத்திருந்தவர்களில் ஒருவர் சாலிஸ்பரி பிஷப் ரோஜர். இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லத்தான் வேண்டும். காமர்ஸ் படிப்பவர்கள் இவருக்கு ஒரு வணக்கம் வைக்கலாம். நார்மண்டியில் சாதாரணப் பாதிரியாராக இருந்தவர். வேகமாகப் பூசை முடிப்பார் என்பதாலேயே போர்வீரர்களுக்கும் ஹென்றிக்கும் பிடித்துப்போனது என்று ஒரு கதை உண்டு! ஹென்றி ராஜாவானதும் நிர்வாகம் முழுக்க இவர் கைக்கு வந்தது. 'எக்ஸ்செக்கர்' என்ற அரசுக் கணக்குச் சபையை ஒழுங்குபடுத்தி வளர்த்தது இவர்தான். பத்தடி நீளம் ஐந்தடி அகலத்தில் ஒரு மேஜை. மேலே கட்டம் போட்ட துணி. கட்டங்களில் காய்களை நகர்த்தி, ஒவ்வொரு மாவட்ட ஷெரிஃபும் கட்டவேண்டிய பணத்தையும் கட்டிய பணத்தையும் கூட்டிக் கழிப்பார்கள். சதுரங்கப் பலகை மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். பிரிட்டனில் நிதியமைச்சருக்கு இன்றும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்' என்றுதான் பெயர். பேங்க் 'செக்'கைப் பிரிட்டிஷ்காரர்கள் எழுதும் எழுத்துக்கூட்டலிலும் இதன் சாயல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ரோஜர் கணக்கில் மட்டும் கெட்டி இல்லை, கட்டுவதிலும் கெட்டி. டிவைசஸ், ஷெர்போர்ன், மாம்ஸ்பரி என்று கோட்டைகள் எழுப்பினார். உறவினர்களையும் நன்றாகவே கவனித்துக்கொண்டார். ஒரு மருமகன் அலெக்ஸாண்டர், லிங்கன் பிஷப். இன்னொரு மருமகன் நைஜல், ஈலி பிஷப். ராஜாவின் சான்சலராக இருந்தவரும் ரோஜர் என்ற பெயர்க்காரர்தான். நாளாகமம் அவரையும் மருமகன் என்றே சொல்கிறது. ஆனால் பிஷப்பின் சொந்த மகன் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

இத்தனை கோட்டையும் நாளைக்கு மெட்டில்டா பக்கம் சாய்ந்துவிட்டால்? ஸ்டீபனுக்குத் தூக்கம் போனது. 1139 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டில் சபை கூடியபோது தங்கும் இடம் பிடிப்பதில் பிஷப்பின் ஆட்களுக்கும் இன்னொரு பிரபுவின் ஆட்களுக்கும் கைகலப்பு. இதுதான் சாக்கு என்று ராஜா பிஷப் ரோஜரையும் அலெக்ஸாண்டரையும் சான்சலரையும் பிடித்து உள்ளே போட்டார். நைஜல் தப்பி டிவைசஸ் கோட்டைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். ராஜா பிஷப்பையும் சான்சலரையும் இழுத்துக்கொண்டு கோட்டை வாசலுக்கே போனார். கோட்டை கைக்கு வராவிட்டால் சான்சலரை இங்கேயே தூக்கில் போடுவேன் என்றார். பிஷப் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தார். கோட்டையின் உள்கோபுரம் சான்சலரின் தாயின் வசம் இருந்தது. (அவர் பெயரும் மெட்டில்டாதான். பிஷப்புக்கு எப்படி என்று கேட்டால், அந்தக் காலத்தில் அது அப்படியொன்றும் அதிசயம் இல்லை.) கழுத்தில் கயிறோடு மகன் வெளியே நிற்கும்போது எந்தத் தாய் கதவைத் திறக்காமல் இருப்பாள்? கோட்டை ராஜா கைக்குப் போனது. மற்றவையும் ஒவ்வொன்றாகப் போயின.

தமிழில் ஏமாந்து இழப்பதற்கு 'கோட்டை விட்டான்' என்கிறோம். பரீட்சையில் கோட்டை விட்டான், வேலையில் கோட்டை விட்டான் என்று. பிஷப் ரோஜர் நிஜமாகவே கோட்டை விட்டவர்.

பீட்டர்பரோ துறவி இந்தச் சம்பவத்தை 1137ஆம் வருடக் குறிப்பில் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். (வருடத்தில் அவர் அவ்வளவு கறார் இல்லை. ஸ்டீபன் காலத்துக் கொடுமை எல்லாவற்றையும் அந்த ஒரு வருடத்தின் கீழேயே கொட்டிவிட்டார்.) தங்கள் கோட்டைகளை விட்டுக்கொடுக்கும்வரை அவர்களைச் சிறையில் வைத்தான் ராஜா என்கிறார். அந்த 'விட்டுக்கொடுக்கும்' என்ற இடத்தில் இருப்பதுதான் 'யாவென் உப்'. இன்றைய எழுத்தில் 'கேவ் அப்'. இந்தச் சொல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று.

அந்தச் சின்னத் தொடருக்குள் இங்கிலாந்தின் சரித்திரமே உட்கார்ந்திருக்கிறது. 'யாவென்' பழைய ஆங்கில உச்சரிப்பு, முதலில் 'ய' ஓசை. இன்று 'கிவ்' என்று 'க' ஓசையோடு சொல்வதற்குக் காரணம், வைக்கிங்குகள் பேசிய நார்ஸ் மொழியின் 'கெஃபா'. விட்டுக்கொடுத்த பொருளான 'காசில்', அந்த அர்த்தத்தில் நார்மன்களோடு வந்த சொல். தோற்றவன் சொல்லும் வென்றவன் சொல்லும் ஒரே வரியில்!

'அப்' எங்கிருந்து வந்தது? இங்கேதான் அறிஞர்களுக்குள் சண்டை. பீட்டர்பரோ இருந்த பகுதி டேன்லா, அதாவது டேனிஷ் வைக்கிங்குகள் குடியேறி அவர்கள் சட்டம் நடந்த பகுதி. நார்ஸ் மொழியில் 'கெஃபா உப்' என்று இதே மாதிரி ஒரு சொல் இருந்தது. இன்றும் டேனிஷில் 'கிவ் ஒப்', ஸ்வீடிஷில் 'யே உப்' உண்டு. ஆகவே இது வைக்கிங் கொடை என்பது ஒரு கட்சி. ஆனால் டச்சு மொழியிலும் 'ஒப்கேவன்', ஜெர்மனிலும் 'அவுஃப்கேபன்' இருக்கின்றனவே, அங்கே எல்லாம் வைக்கிங் போய்ச் சொல்லிக்கொடுத்தானா என்பது எதிர்க்கட்சி. ஸ்டெஃபான் திம் 2012இல் எழுதிய புத்தகத்தில், இந்த அமைப்பே ஜெர்மானியக் குடும்பத்தின் பொதுச் சொத்து, நார்ஸின் கடன் என்று சொல்லத் தேவையில்லை என்று வாதாடினார். இரண்டாவது கட்சிதான் நியாயமாகப் படுகிறது. குடும்பச் சொத்தாக வீட்டில் ஏற்கெனவே இருந்த பாத்திரத்தை, பக்கத்து வீட்டுக்காரரும் வைத்திருந்ததால் அடிக்கடி எடுத்துப் புழங்க ஆரம்பித்தார்கள் என்று வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் கௌரவம் குறையாது.

சரி, இப்போது ரூலுக்கு வரலாம்.

கோட்டை வாசலை மறுபடி மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே மூன்று விஷயம் இருக்கிறது. கையில் வைத்திருப்பவர், வைத்திருக்கும் பொருள், வாங்கிக்கொள்பவர். 'ஹி கேவ் அப் த காசில் டு த கிங்.' பிஷப், கோட்டை, ராஜா. 'டு' என்ற சொல் யாரிடம் போகிறது என்பதைக் காட்டுகிறது. ஒருவன் தானாகப் போய்ப் போலீஸில் சரணடைந்தால் 'ஹி கேவ் ஹிம்செல்ஃப் அப் டு த போலீஸ்'. இங்கே ஒப்படைக்கும் பொருள் அவனேதான்.

காலப்போக்கில் விடப்படும் பொருள் கோட்டையாக இருக்கவேண்டும் என்பது போய்விட்டது. உயிரை விட்டார்கள். 1611இல் வந்த ஆங்கில பைபிளில் 'கிவ் அப் த கோஸ்ட்' பல இடங்களில் வரும். அங்கே 'கோஸ்ட்' பேய் இல்லை, ஆவி, உயிர். உரிமையை விட்டார்கள், நம்பிக்கையை விட்டார்கள், பஸ்ஸில் சீட்டை விட்டார்கள், கடைசியில் பழக்கத்தையும் விட்டார்கள். தமிழில் 'விடு' போன பாதையும் கிட்டத்தட்ட இதுவே. கோட்டை விடு, உயிரை விடு, கைவிடு, விட்டுக்கொடு, குடியை விடு!

புகைபிடிக்கும் பழக்கமும் இந்த வரிசையில் ஒரு பொருள்தான். கோட்டை இருந்த அதே இடத்தில் அது உட்காரவேண்டும். அந்த இடத்தில் பெயர்ச்சொல்தான் உட்காரும். 'ஸ்மோக்கிங்' என்பது தொழிற்பெயர், புகைபிடித்தல். ஆகவே 'ஹி கேவ் அப் ஸ்மோக்கிங்' சரி. 'கேவ் அப் டு ஸ்மோக்' என்றால்? 'டு' வந்தவுடனே யாரிடம் ஒப்படைத்தான் என்ற கேள்வி நிற்கிறது. 'ஸ்மோக்' என்பது ராஜா இல்லையே! தமிழிலும் 'புகைபிடிக்க விட்டான்' என்றால் அர்த்தமே மாறிவிடும். புகைபிடிக்க வேறு யாரையோ அனுமதித்தான் என்றாகிவிடும். 'புகைபிடிப்பதை விட்டான்' என்று இரண்டாம் வேற்றுமை 'ஐ' போட்டுத்தான் சொல்கிறோம். தமிழில் யோசித்து அப்படியே எழுதினால் இந்தத் தப்பு வராது. ஆங்கிலத்திலேயே 'வாண்டட் டு ஸ்மோக்', 'ட்ரைட் டு ஸ்மோக்' என்று அடுத்தடுத்துப் படித்த பழக்கத்தில்தான் கை தானாக 'டு' போடுகிறது.

'கேவ் அப் இட்' கதை வேறு. பீட்டர்பரோ துறவி கோட்டைகளை 'அப்'புக்குப் பின்னால் வைத்தார். 'கேவ் அப் த காசில்', 'கேவ் த காசில் அப்' என்று இரண்டு விதமும் இன்று சரி. ஆனால் பொருளுக்குப் பதிலாக 'இட்', 'தெம்', 'ஹிம்' என்ற பிரதிப்பெயர் வந்தால் நடுவில்தான் நிற்கவேண்டும். 'கேவ் இட் அப்.' காரணம் அழுத்தம். 'அப்' தேய்ந்துபோன முன்னொட்டின் இடத்துக்கு வந்த சொல், ஓங்கி ஒலிக்கும் சொல். 'இட்' வலு இல்லாத சொல், அதைத் தனியாகக் கடைசியில் நிறுத்தினால் ஆங்கிலக் காதுக்கு வாக்கியம் தொங்குகிறது. கனமானது பின்னால், லேசானது முன்னால். அதனால்தான் 'தன் தாத்தா கட்டி அப்பா விரிவாக்கிய அந்த வீட்டை' என்று பொருள் நீளமானால் அது 'அப்'புக்குப் பின்னால் போய்விடும். அவ்வளவையும் நடுவில் செருகினால் 'அப்' வருவதற்குள் படிப்பவர் தூங்கிவிடுவார். :)

இதில் ஒரு பொறி இருக்கிறது. 'லுக் அட்', 'லுக் ஆஃப்டர்' எல்லாம் பார்ப்பதற்கு இதே மாதிரி இருந்தாலும் 'லுக் இட் அட்' என்று யாரும் சொல்வதில்லை. 'லுக் அட் இட்'தான். அங்கே 'அட்' தனக்குப் பின்னால் வரும் பெயரோடு ஒட்டிய சொல், அழுத்தம் இல்லாதது. 'கிவ் அப்'பில் 'அப்' வினையோடு ஒட்டியது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் வித்தியாசம் கேட்கும்.

ஆங்கிலேயர்களே இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் ரகளை செய்திருக்கிறார்கள். கவிஞர் ஜான் டிரைடன் 1672இல், வாக்கியத்தை இப்படிப்பட்ட குட்டிச்சொல்லில் முடிப்பது குற்றம் என்று ஒரு கருத்தைக் கிளப்பினார். பிறகு தான் 1668இல் வெளியிட்ட கட்டுரையையே எடுத்து, 1684ஆம் வருடப் பதிப்பில் அந்த மாதிரி வாக்கியங்களைத் திருத்தினார். அவர் குறிவைத்தது பெயரோடு ஒட்டவேண்டிய சொற்களை. ஆனால் பின்னால் வந்த பள்ளி வாத்தியார்கள் எல்லாக் குட்டிச்சொல்லையும் ஒரே தடியால் அடித்தார்கள். 'புட் அப் வித்' என்பதைப் பிய்த்து முன்னும் பின்னும் போட்டு ரூலைக் கேலி செய்யும் ஜோக் ஒன்று சர்ச்சில் பெயரில் உலவுகிறதே, அது இந்த வாத்தியார்களைப் பற்றியதுதான். ஆனால் சர்ச்சில் பெயரே இல்லாமல் அந்த ஜோக் 1942இலேயே அச்சில் வந்திருக்கிறது. பெரிய மனிதர் பெயரைப் பிறகு ஒட்டிவிட்டார்கள்.

வெளிநாட்டுக்காரன் இதில் படும் பாட்டை முதலில் வாய்விட்டுச் சொன்ன பெரிய மனிதர் சாமுவேல் ஜான்சன். 1755 ஏப்ரலில் வந்த அவருடைய அகராதியின் முன்னுரையில், வினையோடு ஒரு சிறு சொல்லைச் சேர்த்து அர்த்தத்தை மாற்றும் வழக்கம் வேறெந்த மொழியையும்விட ஆங்கிலத்தில் அதிகம் போலிருக்கிறது, அந்நியர்களுக்கு மிகப் பெரிய கஷ்டம் இதனால்தான் என்று எழுதினார். அதோடு நிற்காமல் இவற்றை அக்கறையோடு தேடிப்பிடித்து அகராதியில் சேர்த்தார். 'டேக்' என்ற ஒரே சொல்லுக்கு 134 அர்த்தம்! அதில் பல இப்படிக் குட்டிச்சொல் சேர்ந்து பிறந்தவை. எல்லாவற்றையும் பிடித்துவிட்டதாக அவர் பெருமையடிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், நிறுத்துவது என்ற அர்த்தத்துக்கு அந்த முன்னுரையில் அவர் தரும் உதாரணம் 'கிவ் அப்' இல்லை, 'கிவ் ஓவர்'. அன்றைக்கு அதுதான் சகஜம். வைத்தியர் கைவிரித்த நோயாளியையும் 'கிவன் ஓவர்' என்பார்கள். இன்று 'கிவ் ஓவர்' வட இங்கிலாந்துப் பேச்சில் "போதும், நிறுத்து" என்று அதட்டுவதற்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. மற்ற இடமெல்லாம் 'கிவ் அப்' பிடித்துக்கொண்டது.

அதற்குப் போட்டி வீட்டுக்குள் மட்டும் இல்லை. 'சரண்டர்', 'அபாண்டன்', 'ரிலிங்க்விஷ்', 'ரினௌன்ஸ்' என்று ஃபிரெஞ்சிலிருந்து வந்த பெரிய இடத்துச் சொற்கள் எல்லாம் அதே வேலைக்கு நின்றன. கோர்ட்டிலும் பத்திரத்திலும் அவை. வீட்டிலும் தெருவிலும் 'கிவ் அப்'. இதனால் 'கிவ் அப்' மட்டமான சொல் என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது. கட்டுரையில் எழுதாதே என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. ஜான்சன் அதைக் கஷ்டம் என்றுதான் சொன்னார், மட்டம் என்று அந்த முன்னுரையில் சொல்லவில்லை. சொத்துரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் 'ரிலிங்க்விஷ்' எழுதட்டும், தப்பில்லை. ஆனால் சிகரெட்டை 'ரிலிங்க்விஷ்' செய்தான் என்று எழுதினால் சிரிப்புதான் வரும்.

இத்தனைக்கும் 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரைப் பிரபலமாக்கியது 1925இல் வந்த ஒரு புத்தகம்தான். லோகன் பியர்சல் ஸ்மித் எழுதியது. பெயரைச் சொல்லிக்கொடுத்தது ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி ஆசிரியர் ஹென்றி பிராட்லி என்று அவரே சொல்லிவிட்டார். ஐந்து வருடம் கழித்து, 1930இல், சி. கே. ஆக்டன் 'பேசிக் இங்கிலீஷ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். மொத்தம் 850 சொல் போதும், அதில் வினை பதினெட்டே பதினெட்டு என்றார். எப்படிச் சமாளித்தார்? 'அபாண்டன்' வேண்டாம், 'கிவ்' இருக்கிறது, 'அப்' இருக்கிறது, சேர்த்துக்கொள் என்றார்! ஆனால் சேர்ந்தபின் வரும் மூன்றாவது அர்த்தத்தைத் தனியாகத்தானே படிக்கவேண்டும்? அது 850இல் வராது. கணக்குப் புத்தகத்தில் காட்டாத கடன் மாதிரி. எக்ஸ்செக்கர் மேஜையில் ரோஜர் உட்கார்ந்திருந்தால் இந்தக் கணக்கை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

மூன்றாவது தப்பு மிச்சம் இருக்கிறது, 'கிவ் இன்'. இதற்கும் சர்ச்சில்தான் வரவேண்டியிருக்கிறது. 1941 அக்டோபர் 29 அன்று தான் படித்த ஹாரோ பள்ளியில் பிள்ளைகளிடம் பேசினார். முந்தைய வருடம் இங்கிலாந்து குண்டுமழையில் தனியாக நின்ற வருடம். அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. அந்தப் பேச்சில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது 'கிவ் இன்' கூடாது என்பது. ஆனால் சுவரில் ஒட்டும் போஸ்டர்களில் எல்லாம் அது 'கிவ் அப்' ஆகிவிட்டது.

வித்தியாசம் சின்னது இல்லை. 'கிவ் இன்' என்றால் எதிரில் ஒருவன் அழுத்துகிறான், இவன் மசிந்துவிடுகிறான். அதற்குக் கையில் பொருள் தேவையில்லை, 'டு' போட்டு யாருக்கு மசிந்தான் என்று சொன்னால் போதும். 'கிவ் அப்' என்றால் கையில் வைத்திருந்ததை விடுகிறான். எதிரில் யாரும் இருக்கவேண்டும் என்று இல்லை. களைத்துப்போய்த் தானாகவும் விடலாம். 'ஐ கிவ் அப்' என்று விடுகதைக்குப் பதில் தெரியாமல் கைவிரிப்பவன்கூட எதையோ விடுகிறான், பொருளை வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். 1941இல் எதிரில் ஹிட்லர் இருந்தான். சர்ச்சில் சொல்லைத் தெரிந்துதான் எடுத்தார். அந்தப் பேச்சிலேயே, மானத்துக்கும் நல்லறிவுக்கும் மசியலாம் என்று ஒரு விதிவிலக்கும் வைத்தார். போஸ்டர்காரர்கள் அதையும் விட்டுவிட்டார்கள்.

இன்னும் ஒன்று, மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது. 'தே கேவ் ஹிம் அப்' என்றால் அவனைப் பிடித்து ஒப்படைத்துவிட்டார்கள் என்று ஆகலாம். 'தே கேவ் அப் ஆன் ஹிம்' என்றால் அவன் உருப்படுவான் என்ற நம்பிக்கையை விட்டார்கள். நண்பனைப் பற்றி எழுதும்போது 'ஆன்' விட்டுப்போனால் அவனைப் போலீஸில் மாட்டிவிட்ட கதையாகிவிடும்.

டிவைசஸ் வாசலில் இரண்டும் நடந்தன. உள்ளே இருந்தவர்கள் ராஜாவின் மிரட்டலுக்கு 'கேவ் இன்'. கோட்டையை 'கேவ் அப்'. பிஷப் ரோஜர் அதற்குப் பிறகு தேறவில்லை. அதே 1139 டிசம்பரில் இறந்துபோனார். ஸ்டீபனுக்கும் அந்தக் கோட்டை நிலைக்கவில்லை. மூன்றே வருடத்தில் அதில் உட்கார்ந்திருந்தது முதலாம் ஹென்றியின் மகள் மெட்டில்டா. 1148இல் இங்கிலாந்தை விட்டுப் போகும்வரை அவருக்கு அதுதான் தலைமை இடம்.